ஹெரால்டு நல்ல வண்டியா? வாதாடும் முன் ஜாக்கி எடுங்கள்

கிருஷ்ணகிரி பக்கம் பழைய கார் பிடித்தவர்கள் நாலு பேர் கூடினால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். வந்ததும் இரண்டு கட்சி ஆகிவிடுவார்கள். "அதன் உடம்பில் ஓடுவது ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம், அந்தக் காலத்து இந்திய வண்டிகளில் எது அப்படித் திரும்பும்?" என்பது ஒரு கட்சி. "வளைவில் பின்சக்கரம் மடங்கிக்கொள்ளும், ஆளைக் கவிழ்க்கும் வண்டி" என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் எந்த வண்டியில் எது உண்மை என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அப்பா விட்டுப்போன இரண்டு கதவு மார்க் 2 வீட்டில் நிற்கிறது. அதற்கு ஆயில், பிரேக், பட்டை (ஸ்பிரிங் தகடு) எல்லாமே என் கைதான். அதனால் யாராவது ஹெரால்டு விலை பேசப் போனால் "அக்கா, நீங்களும் ஒரு எட்டு வாங்க" என்று கூப்பிடுவார்கள். டார்ச், பழைய போர்வை, ஜாக்கி, தடித்த மரக்கட்டை இரண்டு, உளி மாதிரி முனையுள்ள திருப்புளி. இவ்வளவு போதும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள், கட்டை கொடுத்த பிறகே போங்கள்.

முதலில் வாதத்துக்கு வேண்டிய வரலாறு கொஞ்சம். 1959-இல் கவென்ட்ரியில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. உருவம் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலாட்டியுடையது. மற்ற கம்பெனிகள் எல்லாம் உடலும் அடிச்சட்டமும் ஒன்றான வண்டிக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் தனிச் சேசிஸில் போல்ட் போட்டு உடலைப் பூட்டினார்கள். இவர்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது, அதனால் பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து பூட்டுகிற வழி தேவைப்பட்டது. 1961-இல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் இதே வண்டியை 948 சிசி எஞ்ஜினோடு விற்கத் தொடங்கியது. பின்னால் வந்த நான்கு கதவு மார்க் 3 நம்முடையது மட்டுமே, இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு கிடையாது.

ஸ்போர்ட்ஸ் ரத்தம் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், 1962-இல் ஹெரால்டு சேசிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதே ஆண்டு ஹெரால்டு உடலிலேயே 1596 சிசி ஆறு சிலிண்டர் எஞ்ஜினை வைத்து விட்டெஸ் என்று விற்றார்கள். 1966-இல் அது 2 லிட்டர் ஆனது. ஸ்போர்ட்ஸ் சலூன் என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியது விட்டெஸ்தான். நமக்கு வந்த 948-க்கு சுமார் 35 குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டு வேகத்தைப் பற்றிப் பேசினால் பத்மினி கார் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிற முன்சக்கரம் எல்லாம் நம் வண்டியிலும் அப்படியே இருந்தன. பத்மினிக்கும் அம்பாசடருக்கும் பின்னால் ஒரே நீள அச்சுதான். என் தீர்ப்பு கேட்டால், ஹெரால்டு எஞ்ஜினில் சாது, அடிப்பாகத்தில் ஸ்போர்ட்ஸ். ஆகவே பார்க்க வேண்டியதும் அடிப்பாகத்தைத்தான்.

பெயிண்ட் பளபளப்பை விட்டுவிடுங்கள், பட்டி வைத்து எதையும் மறைத்துவிடலாம். கதவு இடுக்கைப் பாருங்கள். மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால், அல்லது கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தால், சேசிஸ் தொய்ந்திருக்கலாம். அடியில் நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். பின்பக்கம் டிஃபரன்ஷியல் (எஞ்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் கியர் பெட்டி) பூட்டியிருக்கும் இடத்தையும் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு, 'சொத்' என்று கேட்டால் துரு. உடல் தகடு ஒவ்வொன்றையும் கழற்றி மாற்றலாம், அந்த விஷயத்தில் இது தங்கமான வண்டி. சேசிஸ் போயிருந்தால் மட்டும் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து முன்பக்கம். பானட் முழுவதும், மட்கார்டு லைட்டோடு சேர்ந்து, முன்னால் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே எஞ்ஜின் வேலை பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு இந்த வண்டியை விற்க மனம் வராது.

அங்கே உட்கார்ந்தபடி கீழே பாருங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, ஒரு பித்தளை உருண்டைக்குள் திருகியிருப்பார்கள். டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம்மூர் ஒர்க் ஷாப்களில் கிரீஸ் கன்னைக் கண்ட இடமெல்லாம் அடிக்கிற பழக்கம் உண்டு. கிரீஸ் அந்த மரையின் அடிவரை இறங்காது, மேலேயே கெட்டியாக நின்றுவிடும். கீழே தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கும், ஒரு நாள் தண்டு முறியும், சக்கரம் மடிந்து விழும். "ஆயிலா கிரீஸா" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மாமா இன்னமும் வாதாடுவார். டிரையம்ஃப் புத்தகம் சொல்வது ஆயில். அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச எனக்குப் பொறுமை இல்லை.

சோதிப்பது சுலபம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை பிரேக் மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், சின்னச் செலவு. நிற்கவில்லை என்றால் டிரன்னியன் அல்லது மேல் பால் ஜாயிண்ட். விற்பவரிடம் "இதுக்கு என்ன விடுறீங்கண்ணா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கிரீஸ் என்று பதில் வந்தால், இரண்டு பக்கத் தண்டையும் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

இப்போது சண்டைக்கே காரணமான பின்பக்கம். டிஃபரன்ஷியல் சேசிஸில் அசையாமல் நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அச்சு, உள்முனையில் மட்டும் மடங்கிக்கொடுக்கும் கிராஸ் ஜாயிண்ட். மேலே குறுக்காக ஒரே பட்டை. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அச்சோடு சேர்ந்து சாயவும் செய்யும். நேர் ரோட்டில், குண்டு குழியில், இது சுகமான ஏற்பாடு. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக் அடித்தாலோ எடை முன்னால் பாயும், பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். டயர் விளிம்பில் மட்டும் நிற்கும், பிடிப்பு போய்விடும். இங்கிலாந்தில் இதைச் சரிசெய்ய 1968-இல் விட்டெஸுக்குக் கீழே கூடுதல் கை ஒன்று வைத்தார்கள். இங்கே ஸ்டாண்டர்டு கம்பெனி 1972-இல் கொண்டுவந்த கெஸல் வண்டியில் இந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டு ஒரே நீள அச்சாக மாற்றிவிட்டார்கள். ஆகவே "மடங்கும்" என்று சொல்கிறவர்கள் கதை விடவில்லை.

ஆனால் எல்லா ஹெரால்டும் ஒரே அளவு மடங்காது. பட்டை எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயம். முன்னால் இரண்டு பேரை உட்கார வைத்து, பத்தடி பின்னால் போய்க் குந்திப் பாருங்கள். சக்கரம் இரண்டும் நேராக, அல்லது மேல்பக்கம் லேசாக உள்ளே சாய்ந்து இருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்த பிறகும் அடிப்பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால், யாரோ "தரையில் இடிக்குது" என்று கூடுதல் பட்டை சேர்த்து உயரத்தை ஏற்றியிருக்கிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது அந்த மாதிரி வண்டிதான். பட்டை தளர்ந்து பின்பக்கம் இறங்கிப்போன வண்டி பார்க்கச் சகிக்காது, டயரின் உள்பக்கம் சீக்கிரம் தேயும், ஆனாலும் வளைவில் அது அவ்வளவு பயமுறுத்தாது. ஒரு எச்சரிக்கை: ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் பார்க்காதீர்கள். சக்கரம் இரண்டும் கோழி காலை மடக்கிய மாதிரி நிற்கும். வண்டியை முன்னும் பின்னும் சில அடி தள்ளிவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான நிலை தெரியும். இது தெரியாமல் நல்ல வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு.

எஞ்ஜினில் ஒரே ஒரு சோதனையை வலியுறுத்துவேன். எஞ்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் கிளட்சை மிதித்து விட, நீங்கள் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் புல்லியைப் பாருங்கள். மிதிக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற அளவு புல்லி முன்னால் நகர்ந்தால் கிராங்க் தண்டை முன்னும் பின்னும் நகரவிடாமல் பிடித்திருக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று விழுந்து பிளாக்கையே தின்றுவிடும். மற்றபடி புகை, ஆயில் கசிவு எல்லாம் எந்தப் பழைய எஞ்ஜினுக்கும் பார்ப்பதுதான். பெட்ரோல் பைப் பழைய ரப்பராக இருந்தால் உடனே மாற்றுங்கள், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் அதை அரித்துவிடும்.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. கிளம்பும் முன் பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் மெதுவாக இறங்கினால் ஓட்டவே வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன், எங்கே கசிந்தாலும் மொத்தமும் போய்விடும், மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். சரியாக இருந்தால் பழையபேட்டையில் ஒரு குறுகலான தெருவில் ஒரே வெட்டில் திருப்பிப் பாருங்கள். டயர் எங்கும் உரசக் கூடாது. அப்புறம் ஓசூர் பக்கம் ஏற்றத்தில் கொஞ்ச தூரம். டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. சூட்டை மறைக்க மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

இறக்கமும் வளைவும் பார்க்கத் தொப்பூர் கணவாய்க்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரிகளுக்கு நடுவே தெரியாத வண்டியைச் சோதிப்பது புத்திசாலித்தனம் இல்லை. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதை வார நாட்களில் அமைதியாக இருக்கும். யானை நடமாட்டம் உள்ள காடு, வெயில் நன்றாக ஏறிய பிறகு போங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு வந்து, வளைவு முழுக்க ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியபடியே போக வேண்டும். நடுவில் காலை எடுக்காதீர்கள், நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. இப்படி ஓட்டினால் பின்பக்கம் அடங்கி வரும், ஸ்டியரிங் சொன்ன இடத்தில் நிற்கும். பத்மினிக்கார அண்ணன் ஒருவரை ஒருமுறை பக்கத்தில் உட்கார வைத்து இறங்கினேன். கீழே வந்ததும் "பிரேக்கை நீ அதிகம் தொடவே இல்லையேம்மா" என்றார். கட்சி மாறவில்லை, மாற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கடைசியில் காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் எஞ்ஜின் நம்பரும் வண்டியோடு பொருந்த வேண்டும். எஞ்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய சொந்த கார் ஒவ்வொரு 5 வருடமும் புதுப்பிக்கப்பட வேண்டும், அது விட்டுப்போயிருந்தால் எவ்வளவு ஆகும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்து விஏ நம்பர் வாங்கலாம், ஆனால் பிறகு அதைத் தினசரி ஓட்ட முடியாது. வேலைக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாங்கியாயிற்று என்றால், ஓட்டிக்கொண்டு வரும்போது ஒரு ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பின் அச்சு கிராஸ் ஒன்று கையில் வைத்திருங்கள். கிருஷ்ணகிரிக் கடைகளில் கிடைக்கவில்லை என்றால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் தேடுங்கள், நமக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிரன்னியனில் இருக்கிற கிரீஸையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஆயில் வழிகிறவரை விடுங்கள்.