வங்கி மேல் புகாரா? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்

ஒரு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் புகாரை எடுத்துப் பார்க்கிற ஊழியருக்கு உங்கள் மேல் கோபமும் கிடையாது, கரிசனமும் கிடையாது. திரையில் நிற்கிற புகார்களில் எத்தனையை இன்று முடித்துவைக்கலாம் என்பதுதான் அவர் கவலை. ஆகவே பணத்தைக் கொடுத்து முடிப்பதுதான் சுலபம் என்று அவருக்கே தோன்றும்படி எழுத வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வருகிற கடிதங்கள் எப்படி இருக்கும் தெரியுமா? "பல வருஷமாக உங்கள் வாடிக்கையாளர், என்னையே இப்படி நடத்தலாமா, கோர்ட்டுக்குப் போவேன்" என்று இரண்டு பக்கம் ஓடும். தேதி இருக்காது. தொகை கடைசி வரியில் ஒளிந்திருக்கும். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தயாராக இருக்கிற பதிலைத் தட்டிவிட்டு அடுத்த புகாருக்குப் போய்விடலாம்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது என்று வையுங்கள். நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"3-ஆம் தேதி காலை 10.40-க்கு, இந்த எண்ணுள்ள ஏடிஎம்மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துள்ளது. பரிவர்த்தனை எண் இது. 8-ஆம் தேதி வரை திரும்ப வரவு வைக்கப்படவில்லை. ரூ.10,000-ஐயும், 9-ஆம் தேதி முதல் வரவு வைக்கும் நாள் வரை நாளொன்றுக்கு ரூ.100-ஐயும் என் கணக்கில் வரவு வைக்கவும். பணம் வெளியே வந்தது என்பது உங்கள் முடிவானால் ஈஜே லாக் நகலையும், அந்த ஏடிஎம்மின் பண இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையையும் அனுப்பவும். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கவும்."

அவ்வளவுதான். திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அந்த நூறு ரூபாய் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் போட்ட சுற்றறிக்கையில் இருப்பது. ஏடிஎம் தோல்வி என்றால் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பியது அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள். தாண்டினால் நாளுக்கு ரூ.100, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. நடைமுறையில் அசல் வந்துவிடும், நூறு வராது, கேட்டவருக்கு வரும். இன்னொன்று: பக்கத்து வங்கியின் ஏடிஎம்மாக இருந்தாலும் புகார் உங்கள் கார்டைக் கொடுத்த வங்கிக்குத்தான். இரண்டு வங்கிக்கும் நடுவில் உங்களைப் பந்தாட விடாதீர்கள்.

"ஈஜே லாக்" என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் பிரிவில் ஒரு நிமிர்வு வரும். மெஷின் எத்தனை நோட்டை எண்ணியது, வெளியே தள்ளியதா, உள்ளே இழுத்துக்கொண்டதா என்று வரிக்கு வரி எழுதிவைக்கிற பதிவு அது. அதை வரவழைத்துப் பார்க்காமலே "பரிவர்த்தனை வெற்றிகரமானது" என்று பதில் போடுவது உண்டு. நகலைக் கேட்டுவிட்டால் யாராவது அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இப்படி நாளுக்கு இவ்வளவு என்று விதியே சொல்கிற இடங்கள் வேறும் உண்டு. பாக்கி இல்லாத கிரெடிட் கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு ரூ.500. கடனை முழுசாக அடைத்த பிறகு சொத்துப் பத்திரத்தை 30 நாளில் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000. பத்திரம் விஷயத்தில் "தலைமை அலுவலகத்திலிருந்து வரணும் சார்" என்று பல மாதம் இழுப்பார்கள். கடிதத்தில் 5,000 என்ற எண்ணைப் பார்த்தால் எங்கிருந்தோ வந்துவிடும்.

மோசடியில் பணம் போனால் கடிதம் எழுத உட்காராதீர்கள். முதலில் வங்கிக்குச் சொல்லி கணக்கை முடக்குங்கள், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐக் கூப்பிடுங்கள். 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு முழுப் பாதுகாப்பு. நான்கிலிருந்து ஏழு நாள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் ரூ.10,000 வரை உங்கள் தலையில் விழலாம். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். அதனால்தான் தெரிவித்த நேரம் முக்கியம்: எஸ்எம்எஸ், புகார் எண், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பொறுப்பு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான். இது பல கிளைகளில் தலைகீழாகச் சொல்லப்படும்.

இனி வங்கியின் பதில்கள். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்ற எஸ்எம்எஸ் பலருக்கு எரிச்சல் தரும். எனக்கு அது நல்ல செய்தி. பணம் வராமலே மூடிவிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மறுபடி முதலிலிருந்து புது டிக்கெட் போடாதீர்கள். போட்டால் பழைய காலக்கணக்கு குழம்பிப்போகும். அதே எண்ணைக் குறிப்பிட்டு, புகார்களுக்குப் பொறுப்பான மேலதிகாரிக்கு, அதாவது நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் விவரம் வங்கியின் இணையதளத்தில் இருக்கும்.

"வங்கியின் கொள்கைப்படி" என்று வந்தால், எந்தக் கொள்கை, எந்தப் பிரிவு, நகல் தரவும் என்று ஒரே வரி. நிராகரிப்பு என்றால் இன்னொரு வரி: "இதை உள் ஆம்புட்ஸ்மேன் பார்த்தாரா?" வங்கிக்குள்ளேயே நிராகரிப்புகளை மறுபடி பார்க்கிற அதிகாரி அவர். பெரும்பாலான வணிக வங்கிகள், ஒரு புகாரை முழுதாகவோ ஓரளவோ நிராகரிக்கும் முன் அவரிடம் அனுப்பியாக வேண்டும். அனுப்பாமல் பதில் போட்ட பிரிவுக்கு அந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கும்.

எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மேலான புகாரை விசாரிக்க ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற அதிகாரி. 2021 நவம்பரில் மூன்று பழைய திட்டங்களை ஒன்றாக்கிய பிறகு, எந்த ஊர் ஆம்புட்ஸ்மேன் என்று தேட வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் புகார்த் தளமான சிஎம்எஸ்ஸில் போடலாம், சண்டிகரில் இருக்கிற மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448. கட்டணம் கிடையாது. வக்கீல் மூலம் போட்டால் ஏற்க மாட்டார்கள். நீங்களோ, வக்கீல் அல்லாத உங்கள் பிரதிநிதியோ போடலாம். நஷ்டஈடு, மன உளைச்சலுக்கான தொகை எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு, கெடுவும் உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் போடுகிற அன்று தளத்தில் இருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள், வங்கி பதில் வந்ததும் நாள் கடத்தாமல் போடுங்கள்.

அங்கிருந்து ஏற்காமல் திரும்பி வருகிற புகார்கள் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் வருகின்றன: வங்கிக்கு முதலில் எழுதாதது, எழுதியதற்குச் சான்று இல்லாதது. கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். கடன் தரவில்லை, வட்டியைக் குறைக்கவில்லை என்பது வங்கியின் வணிக முடிவு; அதைக் கொண்டுபோனால் எடுக்க மாட்டார்கள். கோர்ட்டில் இருக்கிற விஷயத்தையும் எடுக்க மாட்டார்கள்.

சிஎம்எஸ்ஸில் புகார் பதிவானதும் ஒன்று நடக்கும். இவ்வளவு நாள் போனை எடுக்காத மேனேஜரே உங்களைக் கூப்பிடுவார். குரலில் தேன் ஒழுகும். "பணம் இரண்டு நாளில் வந்துடும் சார், புகாரை வாபஸ் வாங்கறதா ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க." அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை; ஆம்புட்ஸ்மேனுக்கு வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும், அந்த அழுத்தம் அவருக்கு. "வரவு வந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் அடுத்த நிமிஷமே மெயில் போடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு போனை வையுங்கள். அந்த நூறு ரூபாய்க் கணக்கும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே மெயில் போடுங்கள்.