வேறு கிரகத்தின் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது எப்படி?

செவ்வாய், புதன் படங்களை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம், ஆனால் எதைக் கவனிப்பது என்று தெரியாவிட்டால் எல்லாம் வெறும் கல்லும் மண்ணும்தான். நான் சொல்லும் வழி இதுதான்: தரையின் வயதை நிலாவை வைத்துக் கணியுங்கள், அங்கே என்ன நடந்தது என்பதைப் பூமியை வைத்துக் கணியுங்கள்.

முதலில் நிலாவில் பழகுங்கள். பௌர்ணமி வேண்டாம், அரை நிலாதான் நல்லது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி ஒரு பைனாகுலரில் பார்த்தால், அங்கே நிழல் நீளமாக விழுவதால், விண்கற்கள் மோதி உண்டான பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். வெளுப்பான மேட்டுப்பகுதியில் பள்ளத்தின் மேல் பள்ளமாகக் கிடக்கும், கரும்பகுதிகளில் குறைவாக இருக்கும். கரும்பகுதிகள் எரிமலைக் குழம்பு பின்னால் ஓடி நிரம்பி இறுகியவை, பழைய பள்ளங்களை அது மூடிவிட்டது. ஆக, பள்ளம் அதிகம் என்றால் தரை பழசு. 1969 முதல் 1972 வரை அப்போலோ பயணங்களில் வந்த 382 கிலோ கல்லையும் மண்ணையும் ஆய்வகத்தில் வயது பார்த்து, அவற்றை எடுத்த இடங்களில் எத்தனை பள்ளம் என்று எண்ணிச் சேர்த்ததால்தான் இதற்கு ஓர் ஆண்டுக் கணக்கே கிடைத்தது. அதையே கொஞ்சம் திருத்தி செவ்வாய்க்கும் புதனுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

வெள்ளியில் மட்டும் கவனம். அதன் அடர்ந்த காற்றுமண்டலத்தில் சிறிய விண்கற்கள் தரையைத் தொடும் முன்பே அழிந்துவிடும், அதனால் சின்னப் பள்ளம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரியவற்றையும் சேர்த்து மொத்தக் கிரகத்திலும் ஆயிரம்கூட இல்லை என்பதுதான் அங்கே விஷயம், அதாவது தரை இளசு.

அப்புறம் பூமி. செவ்வாயின் ஒலிம்பஸ் மலை சுமார் 22 கிலோமீட்டர் உயரம், ஆனால் சரிவு ஹவாய் எரிமலைகளைப் போலவே மென்மையாக, அகலமாகப் பரந்திருக்கும். அப்படியென்றால் நீர்த்த குழம்பு மெல்ல ஓடி அடுக்கடுக்காகப் படிந்த மலை அது. சரி, ஹவாயில் ஏன் ஒரே பெரிய மலையாக இல்லாமல் வரிசையாகத் தீவுகள்? கீழே வெப்பம் ஏறும் இடம் பெரும்பாலும் அங்கேயே இருக்க, மேலே பசிபிக் தட்டு, அதாவது பூமியின் மேலோட்டில் ஒரு பெரிய துண்டு, நகர்ந்துகொண்டே இருக்கிறது. செவ்வாயில் தட்டுகள் அப்படி நகரவில்லை, குழம்பு ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. பூமியோடு ஒத்துப்போவதைவிட இப்படி வேறுபடும் இடம்தான் அதிகம் கற்றுத்தருகிறது என்பேன்.

எந்தப் படமானாலும் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள், இல்லாவிட்டால் பள்ளம் மேடாகத் தெரியும். பிறகு எது எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பாருங்கள், வெட்டுவது பிந்தியது. ஆற்றுத்தடத்தின் மேல் ஒரு பள்ளம் முழுசாக உட்கார்ந்திருந்தால், ஆறு வற்றிய பிறகுதான் அந்தக் கல் விழுந்திருக்கிறது.

செவ்வாயின் தென்பாதியையும் வடசமவெளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள், எது பழசு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.