செகண்ட் ஹேண்ட் பொக்லைனில் சென்சார் கோளாறா? சென்சாரைக் கழற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

மானிட்டரில் சென்சார் பெயரோடு ஒரு கோடு (கோளாறைச் சொல்லும் code எண்) வந்தால் அந்த சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த சர்க்யூட்டிலிருந்து கண்ட்ரோலருக்கு (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு) வரும் வோல்டேஜ் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். சர்க்யூட்டில் சென்சார், கப்ளர் (ஒயரைச் செருகும் இணைப்பு), பல அடி நீள ஒயர், எர்த், கண்ட்ரோலர் தரும் 5 வோல்ட் சப்ளை எல்லாமே அடக்கம். பல ஆயிரம் மணி நேரம் ஓடிய வண்டியில் பெரும்பாலும் முதலில் போவது கப்ளரும் ஒயரும்தான். புது சென்சார் மாட்டிய மறுநாளே அதே கோடு திரும்ப வருவது இதனால்தான்.

இங்கே தரும் அளவுகள் 24 வோல்ட், 20 டன் வகை, காமன் ரயில் (ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்த டீசல் போகும்) எஞ்சின் வண்டிகளுக்குப் பொதுவானவை. உங்கள் மாடலின் ஷாப் மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் பேட்டரியும் எர்த்தும்

பக்கெட்டைத் தரையில் இறக்கி, லாக் லீவரைப் போட்டுவிட்டு மீட்டரை எடுங்கள். நின்றிருக்கும் வண்டியில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை வர வேண்டும். அடுத்து மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து மாட்டுங்கள். எர்த் மோசமாக இருந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத கோடுகள் வந்து வந்து போகும். இதைச் சரிசெய்யாமல் சென்சார் பக்கம் போனால் நேரம்தான் வீணாகும்.

கோடின் கடைசி எண்

ஜே1939 என்ற பொதுவான கனரக வண்டி முறையில் கோடு காட்டும் வண்டிகளில் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண்கள் வரும். எஸ்பிஎன் எந்த சர்க்யூட் என்று சொல்லும்: 100 எஞ்சின் ஆயில் பிரஷர், 110 கூலண்ட் வெப்பம், 157 ரயில் பிரஷர் (காமன் ரயில் குழாயின் டீசல் அழுத்தம்), 190 எஞ்சின் வேகம். ஆனால் ரிப்பேர்காரருக்கு வழிகாட்டுவது எஃப்எம்ஐதான். 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது ஒயர் அறுந்தது (இது பெரும்பாலும் சொலினாய்டு போன்றவற்றில் வரும்), 2 என்றால் அளவு நிலையில்லாமல் ஆடுகிறது. 2 வந்தால் லூஸ் கான்டாக்ட் பக்கம் முதலில் போங்கள். எல்லாக் கோடுகளையும் எழுதிக்கொண்ட பிறகே அழியுங்கள். விற்பவர் கோடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவதும் உண்டு. அதனால் வாங்கும்போது ஆயில் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

மூன்று ஒயர் சென்சார்

பம்ப் பிரஷர், பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்), ரயில் பிரஷர் சென்சார்களும் ஆக்ஸிலரேட்டர் டயலும் இந்த வகை. ஒரு ஒயரில் 5 வோல்ட் சப்ளை, ஒன்றில் எர்த், ஒன்றில் சிக்னல். சாவியை ஆஃப் செய்து கப்ளரைக் கழற்றுங்கள். பிறகு சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே அளந்தால் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே அளங்கள். இப்போது 5 வோல்ட் வந்தால் அறுந்திருப்பது எர்த் ஒயர். இப்போதும் வராவிட்டால் கோளாறு சப்ளையில்.

சப்ளை விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே 5 வோல்ட் லைனை மூன்று நான்கு சென்சார்கள் பங்கிட்டுக்கொள்ளும். அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் லைன் முழுவதும் கீழே விழுந்து, நான்கைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். பார்ப்பவருக்குக் கண்ட்ரோலரே போய்விட்டதுபோலத் தெரியும். மீட்டரை சப்ளையில் வைத்துக்கொண்டு அந்த லைனில் உள்ள சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்த சென்சார்தான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. கண்ட்ரோலரைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான்.

சப்ளையும் எர்த்தும் சரியென்றால் கப்ளரை மாட்டி, பின்பக்க ரப்பர் சீல் வழியாக மெல்லிய ஊசி விட்டு சிக்னலை அளங்கள். ஒயரின் தோலைக் குத்தக் கூடாது. அந்த ஓட்டை வழியாக ஏறும் தண்ணீர் சில மாதங்களில் தாமிரத்தைத் தின்றுவிடும். பிரஷர் இல்லாதபோது பல சென்சார்களில் 0.5 வோல்ட் வரும். 0–50 எம்பிஏ (MPa, அழுத்த அளவு), 0.5–4.5 வோல்ட் சென்சார் என்றால், பூமைக் கடைசிவரை தூக்கிப் பிடித்து ரிலீஃப் வால்வு திறக்கும் உச்ச அழுத்தம் 35 எம்பிஏ வரும்போது 3.3 வோல்ட் காட்ட வேண்டும். முன் பம்பு, பின் பம்பு சென்சார்கள் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு சென்சாரோடு நகர்ந்தால் சென்சார் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஒயர். மாற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி, டேங்க் மூடியைத் திறந்து பிரஷரை வெளியேற்றுவது கட்டாயம். காமன் ரயில் சென்சாரில் இந்த வித்தை வேண்டாம். அங்கே டீசல் 1,000 பாருக்கு மேல் போகும். தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

இரண்டு ஒயர் சென்சார்

கூலண்ட், ஆயில் வெப்ப சென்சார்கள் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. பலவற்றில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சில நூறு ஓம். இதில் சோதனை சுலபம். கப்ளரைக் கழற்றினால் எஃப்எம்ஐ 3 வர வேண்டும். ஒயர் பக்கத்து இரண்டு பின்களையும் துண்டு ஒயரால் இணைத்தால் 4 வர வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால் ஒயரும் கண்ட்ரோலரும் நல்லவை, சென்சாரை மாற்றலாம். மூன்று ஒயர் சென்சாரில் இப்படிப் பின்களை இணைக்காதீர்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் போட்டு மானிட்டரைப் பாருங்கள். கூலண்ட், ஹைட்ராலிக் ஆயில், இன்டேக் காற்று மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பம் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன்பே கூலண்ட் மட்டும் 80 டிகிரி என்று அசையாமல் நின்றால், கப்ளருக்குப் பின்னால் டேப் சுற்றிய தடிப்பைத் தேடுங்கள். அலாரம் அடிக்காமலிருக்க யாரோ ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கட்டியிருப்பார்கள். எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் அந்த வண்டி ஆபரேட்டரை எச்சரிக்காது. இதைக் கண்டால் கேஸ்கெட், ஹெட் நிலையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். கோமட்சு வண்டியானால் கேபினில் பம்ப் எமர்ஜென்சி சுவிட்ச் (பம்ப் கண்ட்ரோல் கோளாறானாலும் வண்டியை ஓட்ட வைப்பது) ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

இருபது இழை ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஒயரின் இரு முனைகளையும், கண்ட்ரோலர் பக்கம் உட்பட, கழற்றிவிட்டு, ஃபியூஸ் வழியாக ஒரு முனையில் 24 வோல்ட் கொடுத்து, மறு முனையில் 24 வோல்ட் 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஏறக்குறைய 0.9 ஆம்பியர் ஓடும். பல்பு மங்கினால் அந்த ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. கண்ட்ரோலர் மாட்டியிருக்கும்போது பல்பு வைக்கவே கூடாது.

வந்து வந்து போகும் கோளாறுக்கு மீட்டரில் மின்–மேக்ஸ் (Min–Max, குறைந்த, கூடிய அளவுகளைப் பதிவுசெய்வது) போட்டு ஒயரிங்கை ஒரு ஜாண், ஒரு ஜாணாக ஆட்டுங்கள். பூம் அடி, பம்ப் அறைக்குள் நுழையும் ரப்பர் வளையம், சீட்டுக்குப் பின்புறம் (எலி கடிப்பது பெரும்பாலும் அங்கேதான்), டர்போ அருகே சூட்டில் மொறுமொறுத்த இடம், இந்த நான்கையும் தவறவிடாதீர்கள். கப்ளருக்குள் டார்ச் அடித்தால் பின்னின் அடியில் பச்சைப் பொடி தெரியும். பிரஷர் வாஷ் செய்த தண்ணீர் உள்ளே தங்கியதன் அடையாளம் அது. தேய்த்துப் பலனில்லை, அந்தப் பச்சைப் பொடி ஒயருக்குள்ளும் ஏறியிருக்கும். தாமிரம் பளபளவென்று தெரியும் வரை வெட்டி, புது டெர்மினல் போடுங்கள்.

ஒயரை ஒட்டும்போது முறுக்கி டேப் சுற்றாதீர்கள். அதிர்வுள்ள இடத்தில் சால்டரும் அதன் விளிம்பில் ஒடியும். அதே தடிமன் ஒயர், கிரிம்ப் ஸ்லீவ் (நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்), அதன்மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். பல ஒயர்களை ஒட்ட வேண்டுமென்றால் ஒட்டு ஒரே இடத்தில் விழாமல் விரற்கடை விட்டு விட்டுப் போடுங்கள். பூம் அடியில் பூம் முழுதாக ஏறி இறங்கும் அளவு தளர்ச்சி விட்டுக் கிளாம்ப் செய்யுங்கள். பிறகு அந்தக் கோடு எண்ணை அழித்து, ஆயில் சூடாகும் வரை வேலை வாங்கி, அந்தச் சூட்டிலேயே அதே ஒயரை இன்னொரு முறை ஆட்டிப் பாருங்கள்.