தைப்பூசக் காவடிக் குழுவை வழிநடத்துவோருக்கு ஒரு குறிப்பு

காவடிக் குழுவுக்குத் தலைமை ஏற்பவர், பூசத்திற்கு முந்தின நாள் மாலையில் தம் காவடியைக் கோவில் முற்றத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி முதலில் கட்டி முடித்து, சொம்பு, கயிறு, மாற்று வேட்டி, எலுமிச்சம்பழம் ஆகியவற்றை ஒரு துணியில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டால், மறுநாள் காலையில் வீணாகும் நேரம் பெருமளவு மிச்சமாகும். பரப்பிய பொருளைப் பார்ப்பவர் தம் பையில் எது இல்லை என்பதை அப்போதே கண்டுகொள்வார். கடை திறந்திருக்கும்போதே வாங்கியும் விடுவார். பூசத்திற்கான பத்து நாளும் தவறாமல் விரதம் இருந்து, சொன்ன நேரத்திற்கு முன்பே வந்து நிற்பவரின் செயலுக்கு, பத்து முறை தொலைபேசியில் நினைவூட்டுவதைவிட வலிமை அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மொரீசியஸில் தைப்பூசம் கோடை வெயிலில் வருவதால், குவாத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள கோவிலுக்கு ஏறும் குழுவினருக்கு, புறப்பாடு அரைமணி தாமதித்தாலும் வெறுங்காலில் சுடும் தார்ச்சாலை பெரும் துன்பமாகிவிடும்.

இப்படி முன்கூட்டியே பரப்பி வைக்கும் வழி பூவுக்கும் பாலுக்கும் பொருந்தாது. முந்தின இரவே வைத்தால் பூ வாடும், இந்த வெப்பத்தில் பால் திரியும். முதன்முறை காவடி எடுக்கும் பிள்ளைகளுக்குப் பார்த்துக் கற்பது போதாது. முடிச்சு எங்கே விழ வேண்டும், சொம்பு ஆடாமல் எப்படிக் கட்டுவது என்பதை அருகில் அமர்ந்து கைப்பிடித்தே காட்ட வேண்டும். தலைவர் தாமே விரதம் இருக்காத ஆண்டில் அவர் முன்னின்று செய்து காட்டுவதால் பயன் இராது; அப்போது விரதமிருக்கும் வேறொருவரை முன்னே அமர்த்துவதே முறை.