யு-352: காற்றுக் கணக்கு தெரிந்தால் மட்டும் இறங்குங்கள்

1942 மே 9 அன்று யு-352 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஐகரஸ் கப்பலைக் குறிவைத்து டார்பிடோ விட்டது. குறி தப்பியது. ஐகரஸ் ஆழ்வெடி குண்டுகளைப் போட்டு நீர்மூழ்கியை மூழ்கடித்தது. 33 பேரைக் கடலிலிருந்து தூக்கினார்கள். மற்றவர்கள் உயிரிழந்தார்கள். வட கரோலினாக் கரையிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், 35 மீட்டர் ஆழத்து மணலில் அது வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. 1975-ல்தான் டைவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். மோர்ஹெட் சிட்டி, போஃபர்ட் துறைகளிலிருந்து படகுகள் போகின்றன.

கீழே இருப்பது முழுசான கப்பல் அல்ல. மெல்லிய தகட்டாலான வெளி உடல் பெரும்பாலும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மிச்சம் நிற்பது உள்ளே இருந்த, கடலின் அழுத்தத்தைத் தாங்கும் அழுத்த உடல். 18.5 மி.மீ. தடிமன், அகலமான இடத்தில் 4.7 மீட்டர் விட்டம். படத்தில் பார்த்த பெரிய போர்க்கப்பலை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, சுமார் 50 மீட்டர் நீளக் குழாயைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்தக் குறுகலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள் என்பது பிறகுதான் உறைக்கும்.

காற்றுக் கணக்கு

இந்த டைவில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 33 மீட்டரில் அழுத்தம் 4.3 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 86 லிட்டர் இழுப்பார்.

முதலில், மேலே வரத் தேவையான இருப்பைக் கணக்கிடுங்கள். கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் பதற்றத்தோடு மூச்சு விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 30 லிட்டர், ஆக நிமிடத்துக்கு 60. கீழேயே சிக்கலைச் சரிசெய்ய ஒரு நிமிடம்: 258 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய மூன்று நிமிடம்: 522. அங்கே மூன்று நிமிட நிறுத்தம்: 270. கடைசி ஏற்றம் ஒரு நிமிடம்: 75. மொத்தம் 1,125 லிட்டர். இதைத் தொடக் கூடாது.

வாடகைக்குக் கிடைக்கும் 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் அந்த இருப்பே 100 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேல். 207 பாரில் இறங்கினால், மிச்சக் காற்று 14 நிமிடத்துக்கும் குறைவாகவே வரும். இறங்கும் நேரமும் அதில்தான் கழியும். 15 லிட்டர் ஸ்டீல் சிலிண்டர், 230 பார் என்றால் இருப்பு 75 பார். கையில் 27 நிமிடம். அப்போது நேரத்தை முடிவு செய்வது காற்று அல்ல, அந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். அலுமினிய சிலிண்டர்தான் கிடைக்கும் என்றால், தனி ரெகுலேட்டரோடு (மூச்சுக்குக் காற்றைத் தரும் வாய்க்கருவி) ஒரு சிறு உபரி சிலிண்டரை மாட்டிக்கொள்ளுங்கள். 50 பாரில் மேலே வந்தால் போதும் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் அதிகம் கலந்த காற்று எடுப்பவர்கள் கலவையைக் கவனிக்க வேண்டும். 32 சதவீதக் கலவையின் எல்லை (கலவையில் ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4 பார்) 33.7 மீட்டரில் முடிகிறது, மணல் 35-ல். எதையோ பார்க்கக் கொஞ்சம் குனிந்தாலே தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். 30 சதவீதம் கேளுங்கள்; அது 36 மீட்டர் வரை தாங்கும். சிலிண்டரை நீங்களே அனலைசரில் சோதித்து, டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

இறங்குவதும் சுற்றுவதும்

கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் இங்கே நெருங்கி வரும், விலகிப் போகும். மேலே அமைதி, நடுவில் இழுப்பு, கீழே அமைதி என்று இருப்பதும் உண்டு. படகின் பின்பக்கத்திலிருந்து நங்கூரக் கயிற்றுக்கு நீருக்கடியில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். குதித்ததும் அதைப் பிடித்து முன்னே போய், நங்கூரக் கயிற்றிலேயே இறங்குங்கள். ஒரு கை எப்போதும் கயிற்றில். கையுறை வேண்டும்: கயிற்றில் ஒட்டும் ஜெல்லிமீன் இழைக்கும் கீழே துருவுக்கும் சேர்த்து.

அடியில் போனதும் திரும்பி நின்று, நங்கூரம் எங்கே மாட்டியிருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கயிற்றில் ஒரு மின்னும் விளக்கைக் கட்டிவிடுங்கள். பிறகு நீரோட்டத்தை எதிர்த்துக் கிளம்புங்கள். களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கயிற்றிடம் கொண்டுவந்து விடும். சாய்ந்த கப்பலையே பார்த்து நீந்துகிறவர்கள் தங்களை அறியாமல் தாங்களும் சாய்ந்து நீந்துவார்கள். குமிழி போகும் திசைதான் மேலே. ஆழமானியை அடிக்கடி பாருங்கள். இந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம் வரும். பார் அளவைப் படித்த மறுநொடியே மறந்துபோனால் சில மீட்டர் மேலே ஏறுங்கள்.

உள்ளே போகாதீர்கள். திறந்திருக்கும் துளையில் டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தாலே போதுமானது தெரியும். ஒளியில் மைதா மாவு போல நுண்சேறு படிந்திருக்கும்; ஃபின்னை ஒருமுறை அசைத்தால் அது எழும்பி, பிடித்த கயிறுகூடத் தெரியாமல் போகும். ஃபின்னை அடக்கினாலும் நீங்கள் விட்ட குமிழி கூரையில் மோதித் துருச் செதிலை உதிர்க்கும். வழியோ ஒற்றைக் குழாய், அதுவும் சாய்ந்தது. இதற்கெல்லாம் மேலாக, அது கல்லறை. எதையும் எடுக்கக் கூடாது, வெடிபொருள் போலத் தெரிவதைத் தொடவும் கூடாது.

சாண்ட் டைகர் சுறாக்கள் பல்லைக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றும், வழிமறிக்காவிட்டால் தொந்தரவில்லை. சுறாவைவிட, நச்சு முள் கொண்ட லயன்ஃபிஷ் மீனுக்குத்தான் பயப்பட வேண்டும். தகட்டின் அடியில் அசையாமல் நிற்கும். பார்க்காமல் கை வைத்தால் முள் ஏறும். குத்தினால் டைவை முடித்துக்கொண்டு மேலே வந்து, தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள்.

திரும்பி வருவது

இருப்பு அளவைத் தொடும் நேரத்தில் நீங்கள் நங்கூரக் கயிற்றில் இருக்க வேண்டும், அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கயிறு கிடைக்கவில்லை என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள். ரீலில் மிதவைப் பையை மேலே அனுப்பிவிட்டு அதிலேயே ஏறுங்கள். கீழே மற்றவர்கள் இருக்கும்வரை படகு நங்கூரத்தை எடுக்க முடியாது. அதுவரை நீரோட்டத்தில் மிதந்து போக வேண்டியிருக்கும். உயரமான மிதவை, விசில், கண்ணாடி மூன்றும் பையில் இருக்கட்டும்.

ஏணியில் ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். சிலிண்டரோடு ஆள் விழுந்தால் தலை தப்பாது. படகில் உட்காரும்வரை முகமூடியும் ரெகுலேட்டரும் கழற்றாமல் இருக்கட்டும்.