தகட்டில் நேர்ப் பட்டை வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கொட்டகையில் தகடு வெட்டிப் பழகுகிறவர்கள் கோணலான பட்டையைக் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம், நான் ஆரம்பத்தில் செய்த அதே வேலைகள்தான் அதில் தெரிகின்றன. கையுறை, கண்ணாடி பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். கவனமாக அளந்து, நல்ல கருவியும் வைத்துக்கொண்டு, அப்படியும் பட்டை நேராக வராதது ஏன் என்பதுதான் விஷயம். 0.5 முதல் 1.2 மி.மீ. வரையுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), எம்.எஸ். (பூச்சில்லாத சாதாரண இரும்பு) தகடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கேஜ் சொல்லி வாங்குவது

கேஜ் என்பது தகட்டின் தடிமனைக் குறிக்கும் எண். 20 கேஜ் என்றால் இரும்பில் சுமார் 0.9 மி.மீ. அமெரிக்க அட்டவணைப்படி அலுமினியத்தில் அதே 20 கேஜ் சுமார் 0.8 மி.மீ. அதனால் மில்லிமீட்டரில் கேளுங்கள். தடிமன் அளக்கும் வெர்னியரைக் கடைக்கே எடுத்துப் போங்கள்.

வெட்டிய விளிம்பிலிருந்தே அடுத்த பட்டையை அளப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஏனென்றால், இதைச் செய்கிறவர் சோம்பேறி இல்லை. ஒவ்வொரு பட்டைக்கும் பொறுமையாக டேப் பிடித்து அளக்கிறார். அந்தப் பொறுமை முழுக்க வீணாகிறது.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் மாடித் தோட்டத்துக்கு வலைத்தட்டு செய்யக் கிளம்பினார். 0.8 மி.மீ. ஜி.ஐ. ஷீட், 4-க்கு 4 அடி, ஒன்பது கிலோவுக்கு மேல் வரும். 30 மி.மீ. பட்டைகளாக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக வைத்து ரிவெட் அடிப்பதாகத் திட்டம். பாதி ஷீட் தீர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, ஒவ்வொரு பட்டையும் ரெண்டு முனையிலும் முப்பதுதான் காட்டுது. ஆனா ஓட்டை எதுவும் சேர மாட்டேங்குது."

அவர் சொன்னது உண்மைதான், முனைகளில் முப்பது இருந்தது. நடுவில் முதல் பட்டை 28. காரணம், அவர் அளக்கத் தொடங்கியது கடைக்காரர் வெட்டிக் கொடுத்த விளிம்பிலிருந்து. பெரிய ஷீட்டை இரண்டாக்கும்போது பல கடைகளில் கைக்கத்தரியாலோ கிரைண்டராலோ கண்மதிப்பில்தான் வெட்டுவார்கள். இந்த விளிம்பு நடுவில் 2 மி.மீ. உள்வாங்கியிருந்தது. அதை நேரென்று நம்பி இரண்டு முனையிலும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாயிற்று. கத்தரி அந்தக் கோட்டிலிருந்து அங்கங்கே விலகியது. விலகிய விளிம்பில் டேப்பைக் கொக்கி போட்டு அடுத்த பட்டையை அளந்தார். போதாததற்கு, கத்தரி கடித்த விளிம்பு மேல்நோக்கி மடங்கியிருக்கும். அதில் டேப் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி உட்காரும். ஒரு பட்டையின் பிழை அடுத்ததற்குப் போய், அதன் பிழையும் சேர்ந்து, மிச்சமிருந்த தகடு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் நின்றது. அவரோ கத்தரி சரியில்லை என்று புதுக் கத்தரி வாங்கும் யோசனையில் இருந்தார். கருவிமேல் பழி போட்டுக் கருவி மாற்றுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அடுத்த ஷீட்டும் அப்படியேதான் போகும்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஒரு நேர்ச்சட்டம் வேண்டும். 4 அடிப் பட்டைக்கு ஒரு அடி ஸ்கேலை நகர்த்தி நகர்த்திக் கோடு போட்டால் அது கோடே இல்லை. அலுமினிய டியூப் ஒன்றை ஷீட்டைவிடக் கொஞ்சம் நீளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் உடனே நம்ப வேண்டாம். தகட்டில் வைத்து மெல்லிய கோடு இழுங்கள். சட்டத்தைக் கோட்டின் மறுபக்கத்துக்குப் புரட்டி, அதே விளிம்பால், அதே இரண்டு முனைப் புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சட்டம் நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால் அதில் பாதிதான் சட்டத்தின் வளைவு. அந்தச் சட்டத்தை இந்த வேலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

அப்புறம் கடை விளிம்பிலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் தள்ளி ஒரு நேர்க்கோடு. இதுதான் அடிக்கோடு. எல்லாப் பட்டைகளுக்கும் அளவு இங்கிருந்துதான், மொத்தமாக, வெட்ட ஆரம்பிக்கும் முன்னாலேயே. டேப்பின் கொக்கியை நம்பாமல் 100 மி.மீ. குறியை அடிக்கோட்டில் வைத்து அளங்கள். கொக்கி கொஞ்சம் ஆடும்படிதான் செய்திருப்பார்கள். உள்ளளவு, வெளியளவு இரண்டுக்கும் கொக்கியின் தடிமனைச் சரிக்கட்ட அந்த ஆட்டம் தேவை. அதைத் தட்டி இறுக்கிவிடுகிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

கத்தரியால் வெட்டினால் தகடு தேயாது. 30, 60, 90 என்று போடலாம். கிரைண்டர் என்றால் வீல் தின்னும் அகலத்தையும் சேர்க்க வேண்டும். 1 மி.மீ. கட்டிங் வீல்கூடக் கை ஆட்டத்தில் ஒன்றரை வரை தின்னும். கழிவுத் துண்டில் ஒரு வெட்டுப் போட்டு அளந்து பாருங்கள். ஒன்றரை வந்தால் கோடுகள் 30, 61.5, 93, 124.5 என்று போகும். வீல் எப்போதும் கோட்டுக்கு வெளிப்பக்கம். 1220 மி.மீ. ஷீட்டில் காகிதக் கணக்குப்படி 40 பட்டை வரும், கையில் கிடைப்பது 38. முன்பே தெரிந்தால் அதற்கேற்ப வாங்கலாம்.

கோடு எல்லாம் போட்ட பிறகு கடைசிக் கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை இரண்டு முனையிலும் நடுவிலும் அளங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் கத்தரியைத் தொடுங்கள்.

கத்தரியை நுனிவரை மூடுவது

ஒவ்வொரு கடியின் முடிவிலும் விளிம்பில் ஒரு பல் விழும். நுனிக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நிறுத்தி, கத்தரியை முன்னே தள்ளி, அடுத்த கடி.

ஒல்லிப் பட்டையை ஒரே வெட்டில் எடுப்பது

கத்தரி வெட்டும்போது இரண்டு பக்கத்தில் எது ஒல்லியோ அதுதான் சுருளும். 30 மி.மீ. வேண்டுமென்றால் முதலில் 36 அளவில் தோராயமாக வெட்டிப் பிரியுங்கள். மட்டப்படுத்திவிட்டு, பிறகு கோட்டில் வெட்டுங்கள். சுருளுவது அந்த 6 மி.மீ. கழிவாக இருக்கும். இதற்குத் தகடு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், கோடு போடும்போதே அதற்கும் இடம் விட வேண்டும். பட்டை நிறைய வேண்டுமென்றால் டபுள் கட் ஷியர் நல்லது. அது நடுவில் மெல்லிய நாடா ஒன்றை உரித்தெடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் தட்டையாக விட்டுவிடும்.

கடை ஷியரிங் மெஷினில் கொடுத்தால் தொல்லை தீரும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. மேல் பிளேடு சாய்வாக இறங்குவதால் ஒல்லிப் பட்டைகள் முறுக்கிக்கொண்டு விழும். பட்டை எவ்வளவு ஒல்லியோ முறுக்கும் அவ்வளவு.

கோட்டை ஸ்க்ரைபரால் (கூர்முனைக் கம்பியால்) கீறுவது

எம்.எஸ்.ஸில் கீறலாம். ஜி.ஐ.யில் வெட்டாத இடத்தில் கீறினால் துத்தநாகப் பூச்சு போய், அங்கே துரு ஆரம்பிக்கும். மார்க்கர் போதும்.

கிரைண்டரை ஒரே அழுத்தில் இறக்குவது

எல் வடிவ இரும்பு ஆங்கிள் ஒன்றை சி கிளாம்பில் பிடித்து, அதை ஒட்டி முதலில் லேசாக ஒரு பள்ளம் மட்டும். இரண்டாவது ஓட்டத்தில் ஆழம். தகட்டின் இரண்டு முனையையும் தாங்கி நடுவை விட்டால், வெட்டு உள்நோக்கி மூடி வீலைக் கவ்வும், கிரைண்டர் எகிறும். தகட்டின் அடியில் முழு நீளத்துக்கும் மரம் கொடுங்கள்.

எம்.எஸ். வெட்டிய வீலை எஸ்.எஸ்.ஸுக்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு) போடுவது

கூடாது. இரும்புத்தூள் ஒட்டி எஸ்.எஸ்.ஸும் துருப்பிடிக்கும்.

பொறி எங்கே போகிறது என்று பார்க்காதது

ஜன்னல் கண்ணாடியிலும் தரை டைல்ஸிலும் பொறி பட்டால் இரும்புத் துகள் அங்கேயே பதிந்து, சில நாளில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். துடைத்தால் போகாது. பொறி போகும் பக்கம் பைக், துணிக்கொடி, சாக்கு எதுவும் வேண்டாம்.