ஈமத் தொழிலுக்குப் படிக்கிறீர்களா? பயிற்சிப் பள்ளியில் சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஃப்ரீசர் பெட்டி வாடகையும் சொர்க்க ரதமுமாக இருந்த தொழிலில் இப்போது எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் திரவம் ஏற்றிப் பதப்படுத்துவது, தெரிந்த கைக்கும் வேலை இருக்கிறது. பனியன் கம்பெனிக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி இங்கே இறந்தால், உடலை விமானத்தில் ஊருக்கு அனுப்ப எம்பாமிங் சான்று வேண்டும். இதைக் கேள்விப்பட்டுப் படிக்கக் கிளம்புகிறவர்களை முதலில் ஏமாற்றுவது 'அரசு லைசென்ஸ்' என்ற சொல். இந்தியாவில் ஈமத் தொழிலுக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது, அதற்கான தேர்வு வாரியமும் கிடையாது. எம்பாமிங் சான்றில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறை மருத்துவர். ஆறு மாதம் படித்துவிட்டு நீங்களே கையெழுத்துப் போடலாம் என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்த தவறுதான் பெரியது: உடலைத் தொடாமல் படித்து முடிப்பது. எந்த மருத்துவக் கல்லூரியோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு மாணவர் எத்தனை உடல்களில் தன் கையால் வேலை செய்வார் என்று கேளுங்கள். பிரேதப் பரிசோதனை முடிந்த உடலும் அதில் சேருமா என்பதையும் கட்டாயம் கேளுங்கள். முழு உடலென்றால் தொடையிலோ கழுத்திலோ ஒரு தமனி வழியாக எட்டு, பத்து லிட்டர் திரவம் மெதுவாக ஏற்றினால் போதும். அறுத்த உடலில் அது நடக்காது. உள்ளே ரத்தக் குழாய்கள் வெட்டுப்பட்டிருப்பதால் திரவம் வயிற்றுக்குள் கொட்டிவிடும். கழுத்து, அக்குள், தொடை என இருபுறமும் ஆறு இடங்களில் தனித்தனியாக ஏற்ற வேண்டும். உள்ளுறுப்புகளை வேறாகப் பதப்படுத்த வேண்டும். விபத்து, தற்கொலை என்றால் பிரேதப் பரிசோதனை உண்டு என்பதால், இது தெரியாதவர் வேலைக்குப் போன முதல் வாரமே திணறுவார். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினாலோ முகம் வீங்கி, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போகும்.

ஆய்வகத்தைப் பார்க்காமல் சேராதீர்கள். எம்பாமிங் திரவத்தில் சேர்க்கும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் வரை ஃபார்மால்டிஹைடு. அது புற்றுநோய் உண்டாக்கும். எக்ஸாஸ்ட் மேசை மட்டத்திலோ அதற்குக் கீழோ காற்றை இழுக்க வேண்டும். கூரையோரம் மட்டும் ஃபேன் இருந்தால் ஆவி உங்கள் மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். சேருவதற்கு அரையாண்டு முன்பே தொடங்கிவிடுங்கள்.

பாடத்திட்டம் பழசா என்று அறிய ஒரு வழி உண்டு. சந்தேக மரண விசாரணைக்கு இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பழசு; 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 194. மரணப் பதிவுக்கான 21 நாள் கெடுவும், மரணக் காரணத்துக்கான மருத்துவச் சான்று மருத்துவமனை மரணத்துக்குப் படிவம் 4, வீட்டு மரணத்துக்கு 4ஏ என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்கா போகும் எண்ணமிருந்தால் அங்குள்ள ஈமக் கல்வி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிதானா என்று பாருங்கள். ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும் அந்த வாரியமே வெளியிடுகிறது. தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: மின்னசோட்டாவில் இளங்கலைப் பட்டமே வேண்டும்.

நம்மூர்ச் சடங்கு தெரியாத பாடமும் பாதிப் பாடம்தான். இங்கே உடலைக் குளிப்பாட்டுவார்கள். தையல் தளர்ந்திருந்தால் சொந்தபந்தம் முன்னிலையிலேயே கசியும். வாயைத் தைத்து மூட மட்டும் கற்றவர், வாய்க்கரிசி போட வரும்போது கையைப் பிசைந்து நிற்பார். தைப்பதற்கு முன் வீட்டாரிடம் கேட்க வேண்டும் என்று அந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்களா என்று விசாரியுங்கள்.